துடிப்பைத் தொடங்கும் அணுக்கள்

தவளையின் இதயத்தைத் தனியே வெட்டியெடுத்து ரிங்கர் கரைசலில் இட்டால், மூளையோ நரம்போ ஏவாமலே அது சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும். விலங்கியல் பயின்றோர் இதை அறிவர். ஏவல் எங்கிருந்து வருகிறது?

நம் இதயத்தில் அது வலது மேலறைச் சுவரிலுள்ள சைனஸ் கணுவிலிருந்து வருகிறது. 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் பிரிட்டிஷ் அறிஞர்கள் இதைக் கண்டறிந்தனர். சாதாரண இதயத் தசையணுவின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். அடுத்த அணு தூண்டும்வரை அப்படியே கிடக்கும். கணுவின் அணு சும்மா இராது. அதன் அழுத்தம் மைனஸ் 60-ஐ ஒட்டி இறங்கியதுமே சோடியம் அயனிகள் மெல்ல உள்ளே கசிகின்றன, மைனஸ் 40-ஐ நெருங்கும்போது கால்சியம் வாயில்கள் திறக்கின்றன, துடிப்பு பிறக்கிறது. பிறகு மறுபடியும் இறக்கம், மறுபடியும் கசிவு. மின்தேக்கி மெல்ல மின்னேறி நியான் விளக்கை மினுக்கும் சுற்றை ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்! டச்சு அறிஞர் வான் டெர் போல், 1928-இலேயே தம் துணைவருடன் சேர்ந்து இதயத்துக்கு அத்தகைய மின்மாதிரியை அமைத்தார்.

கணு பழுதுற்றாலும், கீழறைக்குச் செல்லும் பாதை அடைபட்டாலும் துடிப்பு குறையும், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து நேரலாம். 1958-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் முதல் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. அது சில மணி நேரமே உழைத்தது. எனினும் அவர் 2001 வரை வாழ்ந்தார். அதற்குள் 20-க்கும் மேற்பட்ட கருவிகள் மாறின! இன்றைய கருவிகள் பல ஆண்டுகள் உழைப்பவை. ஆனாலும் பாட்டரி தீரும். குழந்தை வளர்ந்தால் கம்பி நீளம் போதாது. கிருமி தொற்றினால் அனைத்தையும் வெளியே எடுக்க வேண்டும்.

அணுவையே கருவியாக்கினால் என்ன? 2002-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வர்டோ மர்பான் குழுவினர் கினிப் பன்றிகளில் இதைச் செய்து பார்த்தனர். கீழறை அணுக்களை அடக்கி வைத்திருப்பது ஒருவகைப் பொட்டாசியம் ஓட்டம். ஒரு ஜீனைச் செலுத்தி அதைக் குறைத்ததும், சில அணுக்கள் தாமே துடிக்கலாயின. 2014-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் குழு இன்னும் ஒரு படி மேலே சென்றது. கருவில் கணு உருவாகத் துணைசெய்யும் டிபிஎக்ஸ்-18 என்னும் ஜீனை வைரஸில் ஏற்றி, துடிப்பு தடைப்பட்ட பன்றிகளின் கீழறையில், மிளகளவு இடத்தில் மட்டும் செலுத்தினர். அந்த இடம் புதிய கணுவாகிவிட்டது. உடலுழைப்பு கூடியபோது துடிப்பும் கூடியது.

ஆனால் அந்தத் திறன் இரு வாரங்கள் அளவிலேயே நிலைத்தது. வைரஸ் புகுந்த அணுக்களை உடலின் பாதுகாப்பு அமைப்பு விட்டுவைப்பதில்லை. நிரந்தர மாற்றாக இது போதவே போதாது. இருப்பினும், கிருமித் தொற்றால் கருவியை அகற்றிய நோயாளிக்கு, புதியதைப் பொருத்தும்வரை துடிப்பைத் தாங்கிப் பிடிக்க அந்த இடைக்காலம் போதும் என்பது அக்குழுவினரின் கணக்கு.