பழைய பதக்கம்: எடைக்கு விற்கும் சரக்கன்று

நம் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் தேக்குத் தூண், எனாமல் பாத்திரம் தேடுவோர் நடுவே போர்ப் பதக்கம் கேட்பவரும் உண்டு. ஜெர்மன் பதக்கம் என்றால் விலை ஏறும். ஆகவே இதன் விவரத்தை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

ஜெர்மனியருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று எண்ண வேண்டாம். சாமர்த்தியக்காரனை இன்றும் 'எம்டன்' என்கிறோம். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அக்டோபர் 28-ல் பினாங்குத் துறைமுகத்தில் புகுந்தது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டு விற்கப் போன நம்மவர்களின் கடல்வழி அது. அதன் கேப்டன் முல்லருக்கு 'இரும்புச் சிலுவை' என்னும் பதக்கம் கிடைத்தது.

நவம்பர் 9-ல் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் எம்டனை வீழ்த்தியது. எம்டனில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி டாலர்களில் ஏறக்குறைய ஆயிரத்தைப் பதக்கமாக்கினார்கள். காசு பதக்கமானது!

இரும்புச் சிலுவை 1813-ல் பிரஷ்ய மன்னர் ஏற்படுத்தியது. 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் வழங்கப்பட்டது. 1914-ன் அசலில் பொதுவாக நடுவில் கறுத்த இரும்பும், சுற்றிலும் வெள்ளி விளிம்பும் தனித்தனியே இருக்கும். ஒரே வார்ப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். காந்தம் ஒட்டாவிட்டாலும் அப்படியே. ஆனால் காந்தம் ஒட்டியதாலேயே அசல் என்று சொல்லிவிட முடியாது. போலியிலும் இரும்பு வைக்கிறார்கள்.

நம் வீட்டுப் பெட்டிகளிலும் பதக்கம் இருக்கலாம். முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கில அரசு வழங்கிய போர்ப் பதக்கம் பெரும்பாலும் வெள்ளி. இந்தியத் தொழிலாளர் படைக்கு வெண்கலம். விளிம்பில் பெற்றவரின் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். 1980 வாக்கில் வெள்ளி விலை ஏறியபோது இவற்றில் ஏராளமானவை உருக்கப்பட்டன. உருக்கினால் மிஞ்சுவது ஒரு அவுன்ஸ் அளவு வெள்ளி. போவது ஒரு மனிதரின் பெயர்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அதை வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். 1914-ம் ஆண்டுப் பதக்கங்கள் நூறாண்டைத் தாண்டிவிட்டன. ஆகவே விற்குமுன் தொல்லியல் துறையினரிடம் கேட்டுத் தெளிவது நலம். பில் போட்டு விற்பதே நமக்கும் வாங்குபவருக்கும் பாதுகாப்பு.

தராசில் வைக்குமுன் விளிம்பைப் படியுங்கள்.