ஊமியோ கழகம் உணர்த்தும் உண்மை

ஐரோப்பிய மகளிர் உதைபந்தாட்டம் இன்று பெரும் பணம் புரளும் துறையாக மாறியிருக்கின்றது. ஸ்பெயின், இங்கிலாந்து, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் செல்வந்தக் கழகங்களே அதில் ஆதிக்கம் செலுத்துகின்றன. ஆனால், இரு தசாப்தங்களுக்கு முன்னர் அக்கண்டத்தின் மகளிர் உதைபந்தாட்டத்துக்குத் தலைமை தாங்கியது சுவீடனின் வடபகுதியிலுள்ள ஊமியோ என்ற பல்கலைக்கழக நகரம் என்பதை எம்மிற் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

தலைநகர் ஸ்ரொக்ஹோமிலிருந்து சுமார் 600 கிலோமீற்றர் வடக்கே, நீண்ட பனிக்காலத்தைக் கொண்ட அந்நகரில் 1917 ஆம் ஆண்டு ஊமியோ கழகம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் மகளிர் அணி 1985 இலேயே உருவானது. அக்காலச் சூழலும் அதற்குச் சாதகமாக அமைந்தது. ஐரோப்பாவின் முதலாவது மகளிர் கிண்ணத்தை 1984 இல் சுவீடன் தேசிய அணி வென்றிருந்தது. 1988 இல் நாடளாவிய மகளிர் முதற்பிரிவு லீக் போட்டிகள் ஆரம்பிக்கப்பட்டன.

2000 முதல் 2008 வரையான ஒன்பது பருவங்களில் ஏழு தடவைகள் ஊமியோ சுவீடனின் சம்பியனானது. 2002 இல் நடைபெற்ற முதலாவது ஐரோப்பிய மகளிர் கழகக் கிண்ண இறுதிப்போட்டியில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் அணியிடம் 2-0 எனத் தோல்வியுற்றது. எனினும் 2003 இல் டென்மார்க்கின் ஃபோர்ச்சுனா அணியை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 7-1 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு அதே பிராங்பேர்ட்டை 8-0 எனப் பழிதீர்த்துக் கொண்டது. 2007 இல் ஆர்சனலிடமும் 2008 இல் மீண்டும் பிராங்பேர்ட்டிடமும் இறுதிப்போட்டிகளில் தோற்றபோதிலும், ஏழு ஆண்டுகளில் ஐந்து இறுதிப்போட்டிகள் என்பது சாதாரண சாதனையன்று.

இவ்வெற்றிகளை பிரேஸில் வீராங்கனை மார்த்தாவின் பெயருடன் மட்டும் இணைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவர் 2004 இல் தமது 18 ஆவது வயதில் ஊமியோவுக்கு வந்தார். அங்கு ஆடிய காலத்திலேயே 2006, 2007, 2008 ஆகிய மூன்று ஆண்டுகளும் உலகின் சிறந்த வீராங்கனையாகத் தெரிவானார். ஆயினும் அவரது வருகைக்கு முன்னரே ஊமியோ ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றுவிட்டது. ஹன்னா லியூங்பேர்க், மாலின் மொஸ்ட்ரோம் போன்ற சுவீடன் வீராங்கனைகளே அந்த வெற்றியின் அத்திவாரம். 2003 உலகக் கிண்ணத்தில் இரண்டாமிடம் பெற்ற சுவீடன் அணியிலும் இவ்விருவரும் இடம்பெற்றனர்.

2009 இல் அமெரிக்காவில் தொழில்முறை லீக் தொடங்கியதும் மார்த்தா அங்கு சென்றார். பின்னர் லியோன் போன்ற கழகங்கள் மகளிர் அணிகளில் முதலிட்ட பணத்துக்கு வட சுவீடனின் நகரொன்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2008 இன் பின்னர் லீக் பட்டம் ஊமியோவுக்குக் கிட்டவில்லை. 2016 இல் அது இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. 2020 இல் முதற்பிரிவுக்குத் திரும்பியபோதிலும் நிலைத்து நிற்க முடியவில்லை.

இதனைத் தோல்வியின் கதையாக மட்டும் நாம் கொள்ளலாகாது. மார்த்தா உள்ளிட்ட நட்சத்திரங்களைத் திரட்டிய ஸ்ரொக்ஹோம் பகுதியின் திரெசோ கழகம் 2012 இல் சுவீடன் சம்பியனாகி, 2014 இல் ஐரோப்பிய இறுதிப்போட்டி வரை சென்று, அதே ஆண்டில் வங்குரோத்தாகி அணியையே விலக்கிக்கொண்டது. ஊமியோ உயரத்திலிருந்து இறங்கியது, ஆனால் அழிந்துவிடவில்லை. பணத்தால் வெற்றியை விரைவாக வாங்கலாம். பணம் வற்றிய பின்னரும் பெண்பிள்ளைகள் விளையாடுவதற்கு ஒரு மைதானமும் ஓர் அணியும் எஞ்சியிருக்க வேண்டுமாயின், அதனை ஊரே கட்டியெழுப்ப வேண்டும். பெண்களின் விளையாட்டை வளர்க்க விழைவோர் கிண்ணங்களின் எண்ணிக்கையை விட இதனையே முதலில் கருத்திற் கொள்ள வேண்டும் என்பது எமது நிலைப்பாடாகும்.