முதல் ரூபாய் பிரேக்குக்கு

சென்ற வாரம் ரீமேப் பற்றிப் பார்த்தோம். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. போன்ற சிறிய டர்போ காரில் என்ஜினை ஆளும் கணினியான ஈ.சி.யூ.வின் மென்பொருளை மட்டும் மாற்றி, கம்பெனி கொடுத்த 105 பி.எஸ். சக்தியை 130, 140 வரை எப்படி ஏற்றுகிறார்கள் என்பதெல்லாம் அங்கே வந்துவிட்டது. அப்படி ஏற்றியவருக்கு அடுத்து வருகிற ஆசை இருங்காட்டுக்கோட்டை. நல்ல ஆசைதான். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே தனக்கென்று அமைத்துக்கொண்ட ட்ராக் அது. 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். எதிரே லாரி வராது. எல்லோரும் ஒரே திசையில்தான் போவார்கள். நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த 140-ஐச் சோதித்துப் பார்ப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் முதல் தடவை போகிறவர்கள் காரைத் தயார் செய்கிற வரிசை தலைகீழாக இருக்கிறது. ரீமேப், எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் என்று சக்திக்கே செலவழித்துவிட்டு, மிச்சம் இருந்தால் பிரேக்கைப் பார்க்கிறார்கள். சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் முதல் ட்ராக் நாளுக்கான முதல் ரூபாய் பிரேக்குக்குப் போகவேண்டும் என்பது என் கட்சி. இன்னும் ஒரு படி மேலே போகிறேன்: ஏற்றிய சக்தியை அன்று இறக்கி வைத்துவிட்டு, கம்பெனி மேப்பிலேயே ஓடவேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். நேர்ப்பாதையின் முடிவில் கார் மணிக்கு 160 கிலோமீட்டரில் வருகிறது, அடுத்த வளைவுக்குள் நுழைய 80-க்கு இறங்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவரும் பெட்ரோலும் உட்படக் காரின் எடை 1,200 கிலோ. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது இயக்க ஆற்றல். ஆகவே இந்த ஒரு பிரேக்கில் மட்டும் ஏறக்குறைய 9 லட்சம் ஜூல் ஆற்றலைக் கார் இழந்தாகவேண்டும். அதன் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாக மாறும். மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தேவைப்படும் வெப்பம் அது. மூன்று நான்கு நொடிக்குள் உண்டாகிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால், முன் டிஸ்க்குகள் இரண்டும் சுமார் 70 சதவீதத்தை ஏற்கின்றன. டிஸ்க் ஒன்று 5 கிலோ என்றால், ஒரே அழுத்தலில் அதன் வெப்பநிலை நூறு டிகிரிக்கு மேல் ஏறிவிடும். ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்தால், 20 நிமிட ஓட்டத்தில் எட்டுச் சுற்று. சுற்றுக்கு நான்கு கடுமையான பிரேக் என்றாலும் 32 தடவை. இடையில் காற்று பட்டு டிஸ்க் ஆறும். ஆனால் முழுவதும் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுவதால் வெப்பம் சேர்ந்துகொண்டே போகும். இப்போது ரீமேப்பை இதில் சேர்த்துப் பாருங்கள். கூடுதல் சக்தியால் நேர்ப்பாதை முடிவில் 150 என்பது 160 ஆனது என்றால், வேகம் கூடியது 7 சதவீதம்தான். ஆனால் 80-க்கு இறங்கும்போது பிரேக் தாங்கவேண்டிய சுமை 19 சதவீதம் கூடிவிட்டது. அந்த 19 சதவீதத்தைச் சுமக்க எந்த மென்பொருளும் உதவாது.

வெப்பம் மிஞ்சினால் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். ஒன்று, பேடு சூடேறிப் பிடிப்பை இழப்பது. பெடல் கெட்டியாகவே இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் காரின் வேகம் மட்டும் குறையாது. மற்றது இதைவிடக் கொடியது: காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயில் கொதிப்பது. திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் கால் கொடுக்கும் அழுத்தம் சக்கரம் வரை போகிறது. ஆவியை அமுக்கலாம். கொதித்து ஆவிக்குமிழி உண்டானதும் பெடல் பஞ்சுபோல் இறங்கி, தரையைத் தொட்டுவிடும். டாட் 3 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140-தான். டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. டாட் 5.1-க்கு 260, ஈரம் ஏறினால் 180. இந்த எண்களைச் சென்னைக்காரர்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்கவேண்டும். இந்த ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையவை. ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஆயில் டப்பாவின் மூடி வழியாகவும் சிறிது சிறிதாக ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கடற்கரை நகரத்தில் வருடக்கணக்காக ஆயில் மாற்றாமல் ஓடிய கார், 230-ஐ நம்பி ட்ராக்குக்கு வந்து 155-ஐ வைத்து ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய ஆயில் ஊற்றி, லைனில் காற்று இல்லாமல் ப்ளீட் செய்வது மொத்தப் பட்டியலிலேயே மலிவான வேலை. அதைச் செய்யாமல் எக்ஸாஸ்ட் மாற்றுகிறவர்களைப் பார்க்கையில் மனம் பதறுகிறது.

“கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்த கார், அதற்கு இது ஒரு பொருட்டா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, ஏனென்றால் மலையிறக்கமும் பிரேக்கை வெகுவாகச் சூடேற்றும். ஆனால் அங்கே கார் இரண்டாவது கியரில் 30, 40-இல் இறங்குகிறது. வேகத்தை அடக்குவதில் பெரும்பங்கை என்ஜினே எடுத்துக்கொள்கிறது, இறக்கமும் நீண்ட நேரம் நடக்கிறது. 40 கிலோமீட்டரில் காரிடம் உள்ள இயக்க ஆற்றல் 160-இல் உள்ளதில் பதினாறில் ஒரு பங்குதான். மலைப்பாதையில் பிரேக் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவைக்கலாம். ட்ராக்கில் அந்த வாசனை தெரிகிறபோது அடுத்த வளைவு நூறு மீட்டரில் இருக்கும்.

இவ்வளவையும் கொடுத்து வாங்கிய சக்தி அன்று முழுதாகக் கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. சக்தியை அளக்கும் கருவியான டைனோவில் அளக்கும்போது எதிரே பெரிய மின்விசிறி ஓடும். என்ஜினைச் சில நொடிகள்தான் முழுவேகத்தில் முடுக்குவார்கள். ட்ராக்கில் நிலைமை வேறு. டர்போ காற்றை அமுக்கும்போது காற்று சூடாகிறது. அதைக் குளிர்விப்பது இன்டர்கூலரின் வேலை. சுற்றுக்குச் சுற்று இன்டர்கூலரே சூடேறிவிட்டால், என்ஜினுக்குள் போகும் காற்று 40 டிகிரிக்குப் பதில் 70 டிகிரியில் போகும். அதே அழுத்தத்தில் அந்தக் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. அதோடு நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது) வராமல் காக்க ஈ.சி.யூ. பொறி விழும் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், சக்தி இன்னும் இறங்கும். சாதாரண பெட்ரோலுக்குப் பதில் ஆக்டேன் கூடியதை ஊற்றினால் நாக்கிங்கைத் தடுக்க நல்லது. இன்டர்கூலரின் சூட்டை அது குறைக்காது. ஆக, ஏப்ரல் வெயிலில் நான்காவது, ஐந்தாவது சுற்றில் 140 பி.எஸ். என்பது தாளில்தான் இருக்கும். சக்தியைக் காப்பாற்றவும் முதலில் பார்க்கவேண்டியது வெப்பத்தைத்தான்.

“கம்பெனிக்காரன் ஆயிரம் சோதனை செய்துதானே பிரேக் வைத்திருப்பான்?” என்பது அடுத்த மறுப்பு. செய்திருக்கிறான், உண்மை. ஆனால் அவன் சோதித்தது 105 பி.எஸ். காரை. பேடைத் தேர்ந்தெடுத்ததும் காலையில் குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கவேண்டும், கிறீச்சிடக் கூடாது, நீண்ட நாள் உழைக்கவேண்டும் என்ற சாலைத் தேவைகளுக்காக. உயர்ந்த சூட்டில் பிடிப்பு நிலைக்கும் பேடு இவற்றில் ஒன்றிரண்டை விட்டுக்கொடுத்தே அதைப் பெறுகிறது. ஹாட் ஹேட்ச் என்ற வகையைப் புகழ்பெறச் செய்த காரிலேயே இதற்குச் சான்று உண்டு. 1976-இல் வந்த முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ. 110 பி.எஸ்.; எடை 800 கிலோவை ஒட்டியது. அந்தக் கார் பிரிட்டனுக்கு வலப்பக்க ஸ்டியரிங்கோடு போனபோது பிரேக் பூஸ்டர் இடப்பக்கமே தங்கிவிட்டது. பெடலிலிருந்து பூஸ்டர் வரை குறுக்கே ஒரு கம்பி இணைப்பு ஓடியது. அந்த இணைப்பின் தொய்வால், வேகத்துக்குப் பேர்போன கார் பிரேக்குக்குக் கெட்ட பெயர் வாங்கியது. பெரிய கம்பெனியின் பிரேக்கும் ஒரு சமரசமாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நம் நாட்டுப் போலோவிலும் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். நகரத்துக்கு அது தாராளம்.

“முதல் நாள் ஓட்டுகிறவன் மெதுவாகத்தானே போவான், பிரேக் எங்கே சூடாகும்?” என்றும் கேட்கலாம். பழக்கமில்லாதவர் வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக்கில் கால் வைத்து, மெல்ல மிதித்தபடியே வளைவின் நடுவரை இழுத்துப்போவார். பேடும் டிஸ்க்கும் நீண்ட நேரம் உரசிக்கொண்டிருக்கும். காற்றுப்பட்டு ஆறும் நேரம் குறையும். தேர்ந்தவர் நேராகப் போகும்போதே ஒரே அழுத்தாக அழுத்தி, வேகம் இறங்கியதும் காலை எடுத்துவிடுவார். இன்னொன்று, கார் வழுக்குவதை அடக்கும் ஈ.எஸ்.பி. அமைப்பு. முன்சக்கர இழுவைக் காரில் வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டால் மூக்கு வெளிப்பக்கம் போகும். உடனே ஈ.எஸ்.பி. தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டு இழுத்துப் பிடிக்கும். முதல் நாளில் அதை அணைக்கவே கூடாது. ஆனால் டேஷ்போர்டில் அந்த விளக்கு வளைவுக்கு வளைவு மினுக்கினால், நீங்கள் மிதிக்காத பிரேக்கும் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நுழையும் வேகத்தைக் குறைக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்பவரும் கடைசியில் லேப் டைமுக்கு வந்து நிற்பார். சக்தி கூடினால் நேரம் குறையுமே? குறையும். 600 மீட்டர் நேர்ப்பாதையில் சராசரி வேகம் 120 என்பது 125 ஆனால் மிச்சமாவது முக்கால் நொடிக்கும் குறைவு. புதிதாக ஓட்டுபவர் அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கிடையே, ஒரு வளைவின் கோட்டைத் தவறவிட்டோ கியரைத் தப்பாகப் போட்டோ, அதைவிட அதிகமாக இழப்பார். ரீமேப் தந்தது எது, ஓட்டத் தெரிந்து வந்தது எது என்று அவரால் பிரித்தறிய முடியாது. குறைந்த சக்தியில் கற்பதன் பலனுக்கு நம் மண்ணிலேயே வரலாறு இருக்கிறது. கோவையின் எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி 800-இன் 796 சி.சி. என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். சாதாரண மூன்று சிலிண்டர் என்ஜின். நேர்ப்பாதையில் அது காப்பாற்றாது, வளைவில் வேகத்தைத் தொலைத்தால் திரும்பப் பெற நெடுநேரம் ஆகும். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் பந்தயத்தில் அடியெடுத்து வைத்தது அந்தக் காரில், அதுவும் ஸ்ரீபெரும்புதூரில். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்து ட்ராக் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் ஒரு தலைமுறைக்குக் கொடுத்த பாடத்தை 140 பி.எஸ். காருக்காக நாம் கைவிடவேண்டியதில்லை.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். நுழைவுக் கட்டணம், டயர் தேய்மானம், பெட்ரோல் எல்லாம் போக நல்ல பேடும் ஆயிலும் கூடுதல் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் தனியார் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகள் அதன் பாதுகாப்புக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கும். ட்ராக் நாள் பந்தயம் ஆகாது என்று வாதாடிப் பணம் பெறலாம் என்ற நம்பிக்கையில் யாரும் போகவேண்டாம். அங்கே தடுப்பில் மோதினால் பம்பரிலிருந்து ரேடியேட்டர் வரை கைக்காசுதான். அந்தத் தொகையின் முன் பிரேக் வேலைக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. 

சரி, இறக்கி வைத்த சக்தியை எப்போது ஏற்றுவது? தேதி சொல்ல முடியாது, அடையாளம் சொல்லலாம். 20 நிமிட ஓட்டத்தின் முதல் சுற்றில் பெடல் எந்த உயரத்தில் பிடித்ததோ அதே உயரத்தில் கடைசிக்கு முந்தைய சுற்றிலும் பிடிக்கிறதா என்று பாருங்கள். கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாமல் நிதானமாக ஓட்டி ஆறவைத்து, பிட்டுக்குள் வந்ததும் ஹேண்ட் பிரேக் இழுக்காமல் கியரிலோ கல் வைத்தோ நிறுத்துங்கள்; சூடான டிரம்மில் ஷூ ஒட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது. சூடான டயரின் காற்றழுத்தத்தை உடனே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் வைத்ததைவிட ஏறியிருக்கும். முன்டயர் பின்டயரைவிட வெகுவாக ஏறியிருந்தால், திருப்பும் வேலையை டயரின் தலையில் கட்டி ஓட்டியிருக்கிறீர்கள். வீல் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். பெடல் ஒரே சீராக, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை கட்டுக்குள், டயர் அழுத்தம் ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரே அளவில் என்ற நிலை முழு நாளும் நீடித்தால், அந்தக் கார் தன் வெப்பத்தைத் தானே கழித்துக்கொள்கிறது. அதன் பிறகு முதலில் பெரிய இன்டர்கூலர், அதற்குப் பின் ரீமேப். முன்டயர் ஒன்றே திருப்பவும் நிறுத்தவும் இழுக்கவும் எப்படிப் பங்கு பிரித்துக் கொடுக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.