அந்த ரெண்டு பேர் யாரு?

பாஸ், உங்க கிளாஸ்ல 50 பேரா? கணக்குப்படி அதுல ரெண்டு பேருக்கு ஒரு ஜீன்ல 25 எழுத்து மிஸ்ஸிங்! இதயத் தசைக்குப் புரதம் தர்ற 'எம்.ஒய்.பி.பி.சி.3' ஜீன் அது. இந்தியர்களில் நூத்துக்கு நாலு பேரிடம் இந்த ஓட்டைன்னு 2009-ல் சொன்னது ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் உள்ளிட்ட டீம். ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர், பெருந்துறை எஸ்.தண்டபாணி (பேர்லயே நம்ம வெள்ளகோவில் பக்கத்து வாசனை!).

ஓட்டை இருந்தா நோய் உறுதின்னு இல்லீங்க. இதயம் தளர்ற ஆபத்து கூடும், பெரும்பாலும் நடுவயசுல.

அதாவது, உங்கப்பா வயசுல. 'நல்லாத்தான் இருக்கறன் கண்ணு'ன்னு அவரே மாத்திரையை நிறுத்திட்டாரா? டாக்டரைக் கேக்காம பீட்டா பிளாக்கரைத் திடீர்னு விட்டா, மாரடைப்பே வரலாம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினதும், மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்க.