நிஜ அலை இல்லை, ஒத்திகை சுனாமி!
8 நிமிடத்தில் சேதி வந்தாலும் குப்பத்துக்கு எப்போது வரும்?

பூமி ஆடவில்லை. கடல் பொங்கவில்லை. ஆனாலும் 2011-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி இந்துமாக்கடலைச் சுற்றியுள்ள 23 நாடுகளில் அதிகாரிகள் பரபரத்தார்கள். சுமத்ரா அருகே 9.2 அளவுள்ள பயங்கர பூகம்பம் என்று சேதி!

அத்தனையும் பொய். வேண்டுமென்றே கட்டிவிட்ட பொய்! அதன் பெயர் சுனாமி ஒத்திகை.

வீணான 2 மணி நேரம்

எதற்கு இந்த நாடகம்? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவில் பூமி குலுங்கியபோது நம்ம ஊரில் காலை மணி 6.29. அலை சென்னையைத் தொட 2 மணி நேரத்துக்கு மேல் ஆனது. மெரினாவில் நடந்தவர்களுக்கும், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் இருந்தவர்களுக்கும் ஒருவரும் சொல்லவில்லை. டெல்லிக்கு அனுப்பிய ஃபேக்ஸ்கூட பழைய மந்திரி வீட்டுக்குப் போய்விட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. சென்னையில் மட்டும் 200 பேருக்கு மேல் பலி!

கை மாறும் சேதி

2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11-ந் தேதி சுமத்ராவில் நிஜமாகவே 8.6 பூகம்பம். சென்னையில் கட்டிடங்கள் ஆடின. ஜனங்கள் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். 8 நிமிடத்தில் ஐதராபாத் அறிவிப்பு கொடுத்தது. நல்லவேளை, பெரிய அலை வரவில்லை.

ஆனால் மெஷின் சொன்னால் போதுமா? மெரினாவுக்கு எதிரே எழிலகத்தில் உள்ள கட்டுப்பாட்டு அறை, கலெக்டர், போலீஸ், தீயணைப்பு, துறைமுகம், மீன்வளத் துறை என்று சேதி கை மாறி, கடைசியில் குப்பத்துக்கு வர வேண்டும். நடுவில் ஒருவர் போனை எடுக்காவிட்டால் கதை முடிந்தது. அந்த ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் ஒத்திகை. எந்த மேஜைக்கு எத்தனை மணிக்குச் சேதி வந்தது, அவர் அடுத்து யாரிடம் சொன்னார் என்று கணக்கு எடுக்கிறார்கள்.

ஓடிப் பழகிய கிராமங்கள்

ஒடிசாவில் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி என்ற 2 கடலோர கிராமங்கள் ஒரு படி மேலே போய்விட்டன. எந்த வழியில் ஓடுவது, எங்கே கூடுவது என்று ஜனங்களே பழகிக்கொண்டார்கள். 2020-ல் ‘சுனாமிக்குத் தயார்’ என்று யுனெஸ்கோ பட்டம் கொடுத்தது.

ஆகவே ஒத்திகை அன்று ‘சும்மா பொய்தானே’ என்று வேடிக்கை பார்க்காதீர்கள். கூடவே ஓடிப் பாருங்கள். கடல் திடீரென உள்வாங்கினால் மீன் பொறுக்கப் போகவே கூடாது. முதல் அலை போனதும் திரும்பவும் கூடாது. அடுத்த அலை அதைவிடப் பெரிசாக இருக்கலாம்!