வீண்புகையும் விரைவோட்டமும்

மோட்டார்ப் பந்தயம் என்ற அளவில், வட்டக் களத்தைப் பன்முறை சுற்றிவரும் ஊர்திகளே பலருடைய நினைவிற்கும் வரும். ஈண்டு யாம் எழுதப் புகுவது அவ்வகையினதன்று. நேரே கிடந்த பாதை ஒன்று. அதன் நீளம் கால் மைல், அஃதாவது 1320 அடி. இரண்டு வண்டிகள் அருகருகே நின்று புறப்படும். எல்லையை முந்திக் கடப்பது வெல்லும். திருப்பமில்லை, சுற்றில்லை, பத்து வினாடியளவில் யாவும் முடிந்துபோம். இதனை அமெரிக்கர் டிராக் பந்தயம் என்பர். தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர் தம் பழைய வண்டிகளைத் திருத்தி ஓட்டியதினின்றும் வளர்ந்த இவ்விளையாட்டு, 1951-இல் வாலி பார்க்ஸ் என்பார் தோற்றுவித்த தேசிய ஹாட் ராட் சங்கத்தால் விதியும் ஒழுங்கும் பெற்றது. தமிழ் பயில்வார்க்கு எஞ்சினிடத்து என்ன அலுவல் என்று பௌதிக வகுப்பு நண்பர் நகைப்பாராயின் நகைக்க. இரும்பும் நெருப்பும் செய்யும் வினையை நம் மொழியிற் சொல்ல இயலுமா என்று பார்க்கும் ஆசையே எம்மை இதில் இழுத்தது.

இப்பந்தயத்தில் ஒரு கொடிய கணக்கு உண்டு. எஞ்சினின் ஆற்றல் ஓட்டம் முழுதும் ஒரே அளவினதாயிருப்பின், ஓடும் நேரம் வண்டியின் எடையை ஆற்றலால் வகுத்துவந்த ஈவின் கனமூலத்தை ஒட்டியே குறையும். எனவே, நேரம் பாதியாக வேண்டுமாயின் ஆற்றல் இருமடங்கானாற் போதாது. எட்டு மடங்காதல் வேண்டும். ஓட்டுநரோடு 3300 பவுண்டு எடையுள்ள வண்டி, 225 குதிரைச்சக்தியால் அத்தூரத்தை ஏறத்தாழ 14 வினாடியிற் கடக்கும். 450 ஆக்கினால் 11 வினாடியைச் சிறிது தாண்டும். 900 ஆக்கினால் 9 வினாடி. முதன்முறை இரட்டித்தபோது மூன்று வினாடி கிடைத்தது. மறுமுறை இரட்டித்தபோது இரண்டேகால் வினாடியே கிடைத்தது. முன்னையினும் குறைந்த ஊதியத்திற்கு முன்னையினும் மிகுந்த விலை கொடுத்தல் இவ்விளையாட்டின் இயல்பு.

மேற்கூறிய எடையும் ஆற்றலும் யாம் புனைந்தன அல்ல. போர்டு நிறுவனத்தார் 1979 முதல் 1993 வரை செய்த மஸ்டாங்க் வண்டியில், 1987-க்குப் பின்வந்த எட்டுச் சிலிண்டர் வகை ஏறத்தாழ இவ்வளவினதே. அதன் எஞ்சின் 302 கன அங்குலம். கணக்கிட்டால் ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறையும். ஆயினும் நிறுவனத்தார் அதனை ஐந்து லிட்டர் என்றே பெயரெழுதி விற்றனர். வண்டி இலேசானது, உறுப்புகள் மலிவாகக் கிடைப்பன, முன்னறையிற் குழாய்களை வளைத்துக் கொணர இடமுண்டு. பழைய வண்டியைப் பந்தயத்திற்கு எடுப்போர் பலர் இதனையே நாடுதற்கு இவையே காரணம்.

நிற்க. ஆற்றலைப் பெருக்கும் வழி யாது? எரிபொருளை மிகுதியாக ஊற்றுதல் எளிது. அதனை எரித்தற்குரிய காற்றைச் சிலிண்டருக்குட் புகுத்துதலே அரிது. பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் மூன்றிலொரு பங்களவு வெம்புகையோடு வீணே வெளியேறுகின்றது. அப்புகையையே ஏவல் கொள்ளலாம் எனக் கண்டு, சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலார் ஆல்பிரெட் பூகி என்பார் 1905-இல் உரிமைப் பத்திரம் பெற்றார். அதுவே இற்றைநாள் டர்போ எனப்படுவது. ஓரச்சின் இருமுனையிலும் இரு சக்கரங்கள் உள்ளன. ஒன்றைப் புகை தள்ளிச் சுழற்ற, மற்றொன்று தூய காற்றை உறிஞ்சி நெருக்கி எஞ்சினுக்கு ஊட்டும். நிமிடத்திற்கு நூறாயிரம் சுற்றுச் சுழலும் அவ்வச்சு, மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்து நிற்கின்றது. 1918-இல் ஸான்போர்டு மாஸ் என்பார், லிபர்ட்டி என்னும் ஆகாயவிமான எஞ்சினைக் கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைமேல் 14,000 அடி உயரத்திற்கு ஏற்றிச் சோதித்தார். அங்குள்ள மெலிந்த காற்றில் ஆற்றலில் மூன்றிலொரு கூற்றை இழந்த அவ்வெஞ்சின், டர்போ பூட்டியதும் இழந்ததை மீண்டும் பெற்றது.

காற்றை நெருக்குவதில் ஓர் இடையூறு உண்டு. நெருக்குண்ட காற்று சூடேறும். 30 பாகை வெப்பமுள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்திற்கு நெருக்கினால், அஃது ஏறத்தாழ 125 பாகைக்குச் செல்லும். சூடான காற்று விரிதலால், இருமடங்கு காற்றுப் புகும் என்றெண்ணிய இடத்தில் ஒன்றரை மடங்கே புகும். இடையில் ஒரு குளிர்விப்பானை வைத்து 50 பாகைக்குத் தணித்தால், ஏறக்குறைய 1.9 மடங்கு புகும். ஆதலின் பந்தயக்காரருட் சிலர் வண்டிக்குள் ஒரு தொட்டி வைத்து, அதிற் பனிக்கட்டி நிரப்பி, அந்நீரைக் குளிர்விப்பானூடே ஓட்டுகின்றனர். பத்து வினாடி ஓட்டத்திற்கு ஒரு மூட்டைப் பனிக்கட்டியா எனின், ஆம், வழக்கில் உள்ளதே.

வெப்பம் தணியாவிடின் நேரும் கேடு பெரிது. முறையாக எரியுங்கால், ஸ்பார்க் பிளக்கின் பொறியினின்றும் சுடர் தோன்றி ஒழுங்காகப் பரவும். காற்று மிகச் சூடாகி மிக நெருக்குண்டவிடத்து, சுடர் வந்தெட்டுமுன் மூலையிலுள்ள கலவை தானே ஒருசேரப் பற்றும். அப்போது பிஸ்டன்மீது சம்மட்டியால் அடித்தாற்போன்ற அடி விழும். இதனைத் தட்டொலி என்பேம். பட்டறையில் நாக்கிங் என்பர். 1962-இல் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனத்தார் ஜெட்பயர் என்னும் டர்போ வண்டியை விற்றபொழுது, இத்தட்டொலியை அடக்குதற்கென்றே நீரும் மெதைல் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத் தனித்தொட்டியில் வைத்து எஞ்சினுள் தெளித்தனர். இந்நாளிற் பலர் எதைல் ஆல்கஹால் 85 விழுக்காடு கலந்த எரிபொருளையே ஊற்றுகின்றனர். அஃது ஆவியாகுங்கால் வெப்பத்தை உண்ணும், தட்டொலியையும் பொறுக்கும். ஆயின், பெட்ரோல் ஒரு பங்கிற்குக் காற்று 14.7 பங்கு வேண்டுமாயின், இதற்குப் பத்துப் பங்கினும் சிறிது குறைவே வேண்டும். ஒரே அளவு காற்றிற்கு ஒன்றரை மடங்கு எரிபொருள் வேண்டியிருத்தலின், பம்பும் இன்ஜெக்டரும் பெரியனவாதல் வேண்டும்.

இதுகாறும் கூறியவை ஆற்றலைப் பெறும் வழிகள். பெற்ற ஆற்றலைத் தாங்குதலே எஞ்சின் கட்டுவோனது மெய்யான வினை என்பது எம் கருத்து. மேற்சொன்ன 302 எஞ்சினின் வார்ப்பு இலேசானது. ஏறத்தாழ 500 குதிரைச்சக்திவரை அது பணிசெய்யும். அதற்கு மேற்பட்டால் கிராங்க் ஷாப்டைத் தாங்கும் இடந்தொடங்கி மேற்பள்ளம் வரை நெடுகப் பிளந்து இரண்டாகும். இவ்வளவில்தான் பிளக்கும் என்று வரையறுத்துக் கூற எவராலும் இயலாது. ஒன்று முதல்நாளே பிளக்கும், மற்றொன்று ஆண்டுகள் தாங்கும். தேய்ந்து அறிவிப்பதுமில்லை, வளைந்து காட்டுவதுமில்லை. டர்போவின் அழுத்தத்தை உயர்த்துதலோ மிக எளிது. புகையின் ஒரு பகுதியைச் சக்கரத்திற் படாமல் விலக்கிவிடும் வேஸ்ட்கேட் என்னும் வால்வைச் சிறிது இறுக்கினாற் போதும். 450 என்பது 600 ஆகும். அவ்வளவு எளிதாயிருத்தலே கேடு. எதிரி அரை வினாடி முந்திச் சென்றதைக் கண்ட இளைஞன், அடுத்த ஓட்டத்திற்குள் அதனை இறுக்காதிருத்தல் அருமை. பிளந்த எஞ்சினின் கொதியெண்ணெய் தன் பின்சக்கரத்தடியிலேயே பாயும். மணிக்கு 130 மைல் வேகத்தில் வண்டி வழுக்கும். அடுத்த தடத்தில் மற்றொருவன் ஓடிக்கொண்டிருக்கின்றான்.

ஆகலின், எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதை எஞ்சினைப் பிரிக்குமுன் துணிதல் வேண்டும். 450 போதுமென்பார், பழைய வார்ப்பையே வைத்துக்கொண்டு, அழுத்தத்தைக் கட்டி ஆளுக. 900 வேண்டுவார், பந்தயத்திற்கென்றே செய்யப்படும் கனத்த வார்ப்பை வாங்கி, வார்த்த கிராங்க் ஷாப்டை நீக்கி, அடித்து உருவாக்கியதை இடுக. இரும்பை வார்க்குங்கால் அதன் மணிகள் பலதிசையிற் கிடக்கும். அடிக்குங்கால் உறுப்பின் வடிவை ஒட்டி நீளும். வலிமையின் வேறுபாடு அங்கே பிறக்கின்றது. இரண்டிற்கும் நடுவே நிற்பதுதான் பொருள் வீணாம் வழி.

சிறு நுணுக்கங்களிலும் கருத்து வேண்டும். பிஸ்டன் வளையத்தின் இருமுனைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. நான்கங்குலச் சிலிண்டரில், டர்போ இல்லாவிடத்து அஃது ஓரங்குலத்தை ஆயிரங் கூறிட்டதில் 16 கூறளவு இருக்கும். டர்போவின் வெப்பத்தால் வளையம் நீளுமாதலின், 24 முதல் 28 கூறு வரை அராவி விடுவர். விடாவிடில் முனைகள் ஒன்றோடொன்று முட்டி வளையம் இறுகும். பிஸ்டனின் விளிம்பு உடையும். மெல்லிய தாளின் கனமே வேறுபாடு. போவதோ எஞ்சின் முழுதும். சிலிண்டர்த் தலையை இறுக்கும் போல்ட்டுகளையும் நீக்கி, வலிய எஃகுத் தண்டுகளை நிறுத்துவர்.

புறப்பாடு தனிக்கலை. டர்போவிற்குப் புகை வேண்டும். நின்ற வண்டியிற் புகை குறைவு. ஆதலின் கியர்ப்பெட்டியில் முதற்கியரையும் பின்கியரையும் ஒருங்கே பூட்டி வண்டியை அசையாது நிறுத்தி, எஞ்சினை முறுக்குவர். பொறியையும் காலந்தாழ்த்தி விடுதலால், சிலிண்டருள் எரிந்து முடியாத கலவை புகைக்குழாயிலேயே எரிந்து டர்போவைச் சுழற்றும். பச்சை விளக்கு எரிந்ததும் பூட்டு அவிழும். ஆயினும் முழு அழுத்தத்தையும் அப்போதே விட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். எனவே வினாடிக்கு வினாடி அழுத்தத்தை ஏற்றிச் செல்வர். அவ்வடியைத் தாங்காது பின்னச்சும் கியர்ப்பெட்டியும் முறிதல் உண்டு. எஞ்சினை வலிதாக்கினார்க்கு அடுத்த நோய் அங்கே தோன்றும். பத்து வினாடிக்குட்படும் இவ்வகைப் பழைய வண்டிக்கு, ஓட்டுநரைச் சூழ எஃகுக் கூண்டு வேண்டுமென்றும், ஓட்டுநர் தனி உரிமம் பெறவேண்டுமென்றும் சங்கத்தார் விதித்துள்ளனர். மிகத் தக்க விதி.

ஓட்டம் முடிந்ததும் தேர்ந்தவர் நேரச்சீட்டைப் பார்க்குமுன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வெண்பீங்கானைப் பூதக்கண்ணாடியால் நோக்குவர். மிளகுப்பொடி தூவினாற்போலக் கரும்புள்ளிகள் தோன்றின், தட்டொலி தலைகாட்டிற்று என்பது பொருள். பொறியின் காலத்தை ஓரிரு பாகை பின்தள்ளி, அழுத்தத்தையும் குறைத்து, மறுபடியும் வரிசையில் நிற்பர். வெள்ளிநிறத் துகள்கள் தோன்றினவாயின், அவை உருகிய பிஸ்டனின் அலுமினியம். அன்றைக்கு வண்டியை இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவர்.