குடலுக்குள் ஓர் ஒளிபரப்பு

சிறுகுடலின் உட்புறத்தைக் குழாய் எதையும் செலுத்தாமல் படம்பிடிக்கும் கேப்சூல் எண்டோஸ்கோப்பி, இஸ்ரேலியப் பொறியாளர் கேவ்ரியல் இடனும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கருவியாக 2000ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் அறிமுகமாகி, மறு ஆண்டே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. 11 மி.மீ. விட்டமும் 26 மி.மீ. நீளமும் கொண்ட அந்த மாத்திரைக்குள் இருக்கும் கேமரா, விளக்குகள், ரேடியோ அலைபரப்பி ஆகிய அனைத்தும் இரண்டு பட்டன் பேட்டரிகளை நம்பியே இயங்குகின்றன. விழுங்கிய மாத்திரை சிறுகுடலைக் கடந்து முடியப் பல மணி நேரம் ஆகும் என்பதாலும், நடுவழியில் பேட்டரியை மாற்ற முடியாது என்பதாலும், படத்தின் தரத்தையும் மின்செலவையும் எங்கே சமன்செய்வது என்பதே இதன் வடிவமைப்பாளர்கள் முன் நின்ற முதல் சிக்கல்.

அனுப்பும் ஒவ்வொரு பிட் தகவலுக்கும் மின்னாற்றல் செலவாகிறது. 256 × 256 படப்புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் புள்ளிக்கு 8 பிட் என்று கொண்டால், ஒரு படத்துக்கே 5.24 லட்சம் பிட் தேவைப்படும். வழக்கமான வீடியோவைப் போல நொடிக்கு 30 படங்களை அனுப்பினால் அந்தச் சுமை ஒன்றரைக் கோடி பிட்டைத் தாண்டிவிடும். குடலுக்குள் மாத்திரை மெதுவாகவே நகர்வதால், முதல் மாத்திரை நொடிக்கு 2 படங்களோடு நிறுத்திக்கொண்டது; அந்தக் கணக்கிலும் 8 மணி நேரத்தில் 57,600 படங்கள் சேரும். விளக்குகளும் படமெடுக்கும் கணத்தில் மட்டுமே மின்னி அணைகின்றன.

அடுத்த சிக்கல் அதிர்வெண், அதாவது ரேடியோ அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்னும் அளவு. நீரும் உப்பும் நிறைந்த உடல் திசுக்கள், அதிர்வெண் கூடக்கூட அலையை அதிகமாக உறிஞ்சுவதால், வைஃபை பயன்படுத்தும் 2,400 மெகாஹெர்ட்ஸைவிட 434 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் எளிதாக வெளியேறும். ஆனால் அந்த அலையின் நீளம் காற்றில் 69 செ.மீ. என்பதால், 26 மி.மீ. கூட்டுக்குள் அடங்கும் சிறு ஆன்டெனாவால் அதைத் திறம்பட வெளியிட இயலாது. இந்தக் குறையை ஈடுசெய்ய அலைபரப்பியின் திறனைக் கூட்டினால் பேட்டரி விரைவில் தீர்ந்துபோகும்.

ஆகவே சுமையை உடலுக்கு வெளியே மாற்றினார்கள். வயிற்றின் மேல் ஒட்டப்பட்ட 8 ஆன்டெனாக்கள் சிக்னலைப் பிடிக்க, தனி பேட்டரியோடு இடுப்பில் கட்டிய பதிவுக்கருவி படங்களைச் சேமித்தது. மாத்திரை வலுவாகப் பேச வேண்டிய தேவை, வெளியே கூர்ந்து கேட்கும் காதுகளால் குறைந்தது. பெருங்குடலுக்கென வந்த பிந்தைய மாத்திரை, தேங்கி நிற்கும்போது நொடிக்கு 4 படங்களும் வேகமாக நகரும்போது 35 படங்களும் எடுத்து, தேவைக்கேற்பச் செலவழிக்கிறது. கேப்ஸோகேம் என்னும் மாத்திரையோ ரேடியோவையே கைவிட்டுப் படங்களைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. மின்சாரம் மிச்சமாகிறது, ஆனால் மலத்திலிருந்து மாத்திரையை மீட்டெடுத்தால்தான் படங்கள் கிடைக்கும்.

எந்த வழியில் சென்றாலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டியிருப்பதால், கம்பியில்லா வீடியோக் கருவியின் சிறப்பை அதன் படத் தெளிவை மட்டும் கொண்டு அளப்பது பிழை. மருத்துவர் நோயைக் கண்டறியப் போதுமான படத்தைக் கடைசி மணி நேரம்வரை தருகிறதா என்பதே சரியான அளவுகோல்.